வீரலட்சுமி ஏறிய மலை

நாற்பத்தெட்டு வயது வரைக்கும் வீரலட்சுமி மலையைப் பார்த்ததில்லை. அவள் பிறந்த ஊரும் வாக்கப்பட்ட கருவக்குடியும் இராமநாதபுரத்துக்கு மேற்கே, கண்ணுக்கு எட்டிய தூரம் தட்டையாகக் கிடக்கிற கரிசல் காட்டில் இருந்தன. அங்கே உயரம் என்றால் கண்மாய்க் கரைதான். அதன் மேல் ஏறி நின்றால் அடுத்த ஊர்ப் பனைகள் தெரியும், அதற்கப்பால் வானம் தரையைத் தொட்டுவிடும். அவள் அண்ணாந்து பார்த்த பெரிய பொருள் இராமேசுவரம் கோயில் கோபுரம். அதையும் கல்யாணமான புதிதில் ஒரு தடவை பார்த்ததோடு சரி.

மதுரைக்கு ஒருமுறை போயிருக்கிறாள். ஆனால் அது ஆம்புலன்சில், நினைவில்லாமல் போனது. அதைப் போனதாகச் சொல்ல முடியாது.

அவளுக்கும் அவள் வீட்டுக்காரர் பாண்டித்துரைக்கும் கொஞ்சம் மானாவாரி நிலம் உண்டு. மழை பெய்தால் நெல்லும், ஈரம் மிஞ்சினால் குண்டு மிளகாயும் போடுவார்கள். தை பிறந்தால் மிளகாய் எடுப்பு. சேலைக்கு மேல் பாண்டித்துரையின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் பங்குனி வரை காட்டில் கிடப்பாள். பிறகு கோடை வரும். ஊருணி வற்றும். அவள் வாலிபத்தில் குழாய்த் தண்ணீர் கிடையாது. வற்றிய ஊருணிக்குள் ஆள் உயரத்துக்குக் குழி தோண்டி, அடியில் கண்ணீர் மாதிரி கசிகிற ஊற்றைச் சிரட்டையால் வழித்து வழித்துக் குடத்தில் ஊற்ற வேண்டும். ஒரு குடம் நிறைவதற்குள் வெயில் தலைக்கு மேலிருந்து இறங்கிவிடும். இப்போது ஊருக்குக் குழாய் வந்துவிட்டது. ஆனாலும் தண்ணீர் வருகிற சத்தம் கேட்டால் அவள் கை தானாகக் குடத்தைத் தேடும்.

அப்படிப்பட்ட ஊருக்குக் கடலின் வாசனையைக் கொண்டு வந்தவள் பாம்பன் கித்தேரி. புதன்கிழமை தோறும் பஸ்ஸில் கருவாட்டுக் கூடையோடு வந்து இறங்குவாள். நெத்திலி, சாளை, கட்டா எல்லாம் இருக்கும். ஊரைச் சுற்றி விற்று முடித்தபின் வீரலட்சுமி வீட்டு வேப்ப மரத்தடியில்தான் உட்காருவாள். இவள் கஞ்சி ஊற்றிக் கொடுப்பாள், அவள் கூடையின் அடியில் தனியாகக் கட்டி வைத்த நல்ல கருவாட்டை எடுத்துக் கொடுப்பாள். கித்தேரி நாலைந்து வயது மூத்தவள். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள். வீரலட்சுமிக்குக் கருப்பசாமியைத் தவிர வேறு சாமி தெரியாது. அந்த வித்தியாசத்தைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. பேசுவதற்கு மழையும் மீனும் பிள்ளைகளும் இருந்தன.

வீரலட்சுமியின் மகள் யுவராணி பத்தாவது படித்த வருடம் அது நடந்தது. விடிந்தும் விடியாத நேரத்தில் மிளகாய் எடுத்துக்கொண்டிருந்தவளைச் செடி மூட்டில் சுருண்டு கிடந்த கண்ணாடி விரியன் புறங்காலில் போட்டது. பாண்டித்துரை மோட்டார் சைக்கிளில் வைத்து இராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். சிறுநீரகம் நின்றுபோய், இயந்திரத்தில் போட்டு இரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். பல் ஈறிலிருந்தெல்லாம் இரத்தம் வந்ததாகப் பிறகு சொன்னார்கள். அவளுக்கு எதுவும் நினைவில்லை. பிழைத்து வீடு திரும்பியபோது எடுக்க ஆளில்லாத மிளகாய் செடியிலேயே காய்ந்து உதிர்ந்து காடே சிவப்பாகக் கிடந்தது. பாண்டித்துரை கருப்பசாமிக்குக் கிடாய் வெட்டினார். கருப்பன் காப்பாற்றினான் என்று ஊரே சொன்னது. அவளும் அப்படித்தான் நம்பினாள்.

அதற்குப் பிறகு பல வருடங்கள் ஓடின. யுவராணி கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டாள். இந்த வருடம் மாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை கித்தேரி கூடை இல்லாமல் வந்தாள். வலது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்து வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தாள்.

“ஏத்தா வீரலெச்சுமி, என்கூட ஒரு எட்டு வாரியா?”

“எங்கனக்கா?”

“மலைக்கு. சிலுவைமேட்டுக்கு. அங்கன எங்க வியாகுல மாதா இருக்கா.”

“உங்க கோயிலுக்கு நான் எதுக்குக்கா? உன் மருமக இல்லையா?”

“அவ பிள்ளை பெத்துக் கெடக்கா. வேற யாரோட போனாலும் மூட்டுவலிக்காரின்னு அடிவாரத்துலயே உக்கார வச்சிருவாக. எனக்கு நேர்ச்சை கெடக்குத்தா. சிலுவை சுமந்து உச்சிக்குக் கொண்டாந்து வைக்கிறேன்னு மாதாகிட்டச் சொல்லிப்புட்டேன். ஒரு வருசம் அது, ஒரு வருசம் இது, நடுவுல கொரோனா. இனியும் தள்ளுனா காலு போயிரும்.”

“எதுக்கு நேந்துக்கிட்ட?”

கித்தேரி காலைத் தடவிவிட்டுக்கொண்டாள். “அதை அங்க வந்து சொல்றேன்.”

பாண்டித்துரை மிளகாய்ச் சாக்கைத் தைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். “போயிட்டு வா. சாமி பாக்கப் போறவளை யாரு தடுப்பா? ஆளு வச்சு எடுத்துக்கிறேன். கவிச்சி திங்காமச் சுத்தபத்தமாப் போ” என்றார்.

“தவக்காலம்ணே, நாங்களே கவிச்சி தொடமாட்டோம்” என்று கித்தேரி சிரித்தாள்.

பாம்பனிலிருந்து ஒரு வேன் ஏற்பாடாகியிருந்தது. ஓட்டுகிறவர் சீனி முகம்மது. வருடா வருடம் தவக்காலத்தில் பாம்பன் சனங்களை மலைக்குக் கொண்டுபோகிறவர். விடியற்காலையில் இராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் வீரலட்சுமியை ஏற்றிக்கொண்டார்கள். வேனுக்குள் செபமாலை நடந்தது. அவளுக்கு அதன் சொற்கள் தெரியாததால் சும்மா கைகூப்பி உட்கார்ந்திருந்தாள். கித்தேரியின் மடியில் துணி சுற்றிய ஒரு சிலுவை இருந்தது. அவள் வீட்டுக்காரர் ராயப்பு, கரையில் உளுத்துப்போன தன் பழைய வத்தைப் படகின் பலகையை அறுத்து அதைச் செய்து கொடுத்திருந்தார். கைக்குழந்தை நீளம்தான், ஆனால் கனம். எத்தனையோ வருடம் கடல் குடித்த மரம்.

மதுரைக்கு முன்பே தூங்கிப்போன வீரலட்சுமி, தேனியைத் தாண்டியதும் விழித்து எழுந்து சன்னலைப் பிடித்துக்கொண்டாள்.

“பாய், மேக்க பாருங்க, என்னமாக் கருக்கலிட்டிருக்கு! மழை வெளுத்து வாங்கப்போகுது.”

சீனி முகம்மது கண்ணாடியில் அவளைப் பார்த்தார். “அது மேகமில்லத்தா. மலை.”

அவள் திரும்பிப் பார்த்தாள். வேனில் யாரும் சிரிக்கவில்லை. நீலமாக, வானத்தின் பாதியை மறைத்துக்கொண்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நின்றது அது. மேகமென்றால் நகரும், கலையும். இது நகரவில்லை.

“அம்புட்டும் மண்ணா?” என்று கேட்டாள்.

“மண்ணும் கல்லும். மேலே ஊரு இருக்கு. மனுசங்க இருக்காக. நாம அங்கனதான் போறோம்.”

அதன் பிறகு அவள் உட்காரவே இல்லை. வேன் மலையைத் தொட்டு வளைந்து வளைந்து ஏறியது. ஒரு வளைவில் தாங்கள் வந்த சாலை கீழே அரைஞாண் கயிறு மாதிரி கிடந்ததைப் பார்த்து அவள் சன்னல் கம்பியை இறுகப் பிடித்தாள். காது அடைத்தது. கித்தேரி எச்சிலை விழுங்கச் சொன்னாள். விழுங்கியதும் காது திறந்துகொண்டது. அந்த நொடியில் மல்லிகை மாதிரி ஒரு வாசனை வேனுக்குள் நிறைந்தது. யார் தலையில் பூ என்று பார்த்தாள். பூ வெளியில் இருந்தது. சரிவு முழுக்கக் காப்பிச் செடிகள் கொம்புக்குக் கொம்பு வெள்ளையாகப் பூத்துக் கிடந்தன. ஒரு மழை பெய்தால் இப்படி ஒரே நேரத்தில் மலையே பூத்துவிடும், ஒரு வாரத்தில் உதிர்ந்துவிடும் என்று சீனி முகம்மது சொன்னார். தன் காட்டில் மிளகாய்ச் செடி ஒவ்வொன்றும் பூ எடுக்கப் படுகிற பாட்டை அவள் நினைத்துக்கொண்டாள்.

சிலுவைமேடு படிக்கட்டுப் போல அடுக்கடுக்கான ஊர். ஒரு வீட்டின் கூரைக்கு மேல் அடுத்த வீட்டின் வாசல். தெருவெல்லாம் மெழுகுவர்த்திக் கடையும் செபமாலைக் கடையுமாக இருந்தது. காவி கட்டிய ஆண்களும் பெண்களும் வெறுங்காலோடு சாரை சாரையாக வந்துகொண்டிருந்தார்கள். பாதிப் பேர் மலையாளம் பேசினார்கள். வேனில் வந்தவர்கள் இரவு கோயில் கொட்டகையில் தங்கினார்கள். குளிர் எலும்பில் இறங்கியது. வீரலட்சுமி மூட்டையிலிருந்து பாண்டித்துரையின் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டாள். கித்தேரிக்கும் ஒரு சால்வையைப் போர்த்திவிட்டாள்.

காலையில் வெளியே வந்தவள் மலைத்துப்போனாள். ஊரையே காணோம். எங்கு பார்த்தாலும் வெள்ளைப் புகை. கையை நீட்டினால் விரல் நுனி மங்கியது. முகத்தில் ஈரம் படிந்தது. “இது என்னக்கா, எரியாத புகை?” என்றாள்.

“மேகந்தான். நாம அதுக்குள்ள நிக்கிறோம்.”

மேகத்துக்குள் நிற்பதா? ஆடியிலும் ஆவணியிலும் அவள் கண்மாய்க் கரையில் நின்று எந்த மேகத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாளோ, அது இங்கே அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டு போனது. அவள் வாயைத் திறந்து ஒரு மூச்சு இழுத்தாள். குளிர்ச்சியாக உள்ளே இறங்கியது.

மலையேற்றம் தொடங்கியது. செங்குத்தான கல் பாதை. ஆங்காங்கே பாறையோரத்தில், ஆண்டவர் சிலுவை சுமந்து போன கதையை ஒவ்வொரு காட்சியாகச் சுதைச் சிலைகளில் வடித்து வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் முன்னும் சனம் முழங்காலிட்டு, பாடி, எழுந்து நடந்தது. கித்தேரி சிலுவையைத் தோளில் சாய்த்து, மறுகையால் வீரலட்சுமியின் தோளைப் பிடித்து ஏறினாள். ஒவ்வொரு அடிக்கும் “சேசுவே” என்றாள். ஒரு சிலையின் முன் வீரலட்சுமி நின்றுவிட்டாள். அதில் ஆண்டவருக்குப் பின்னால் இன்னொருவன் சிலுவையின் நுனியைத் தாங்கிப் பிடித்திருந்தான். தலையில் துண்டு, திரண்ட கை. கருவக்குடியில் கலப்பை பிடிக்கிற ஆள் மாதிரியே இருந்தான்.

“இவரு யாருக்கா?”

“சீமோன். வேற ஊர்க்காரன். வயக்காட்டுலருந்து வீட்டுக்குப் போய்க்கிட்டிருந்தானாம். வழியில பிடிச்சு, நீ தூக்குன்னுட்டாக.”

“பாவம். தூக்குனானா?”

“தூக்குனான்.”

இன்னும் கொஞ்சம் ஏறியதும் கித்தேரியின் கால் மடங்கியது. வீரலட்சுமி தாங்கிப் பிடித்ததால் விழாமல் பாறையில் சரிந்து உட்கார்ந்தாள். முழங்கால் வீங்கிச் சேலைக்குள் உருண்டையாகத் தெரிந்தது. எழ முயன்றாள், முடியவில்லை. மறுபடி முயன்றாள். வலியில் கடித்த உதடு கிழிந்தது. பிறகு சிலுவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். சனம் அவர்களைத் தாண்டிப் பாடிக்கொண்டே போனது.

“விடுக்கா. அடுத்த வருசம் பாப்போம். நல்ல டாக்டரா...”

“அடுத்த வருசம் இந்தக் காலு இருக்காதுத்தா.” கித்தேரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிலுவையை அவளிடம் நீட்டினாள். “நீ கொண்டுபோ.”

வீரலட்சுமி பின்வாங்கினாள். “நானா? நான் நீறு பூசுறவக்கா. உங்க சாமியத் தூக்கலாமா? உன் நேர்ச்சைய நான் செஞ்சா உன் சாமி ஒத்துக்கிருமா?”

“ஒத்துக்கிரும். உனக்காகத்தான நேந்தேன்.”

வீரலட்சுமிக்கு முதலில் புரியவில்லை.

“உன்னையப் பாம்பு கடிச்சுச்சுல்ல. அன்னிக்கு புதன்கெழம. கூடையோட வாரேன், வீடு பூட்டிக் கெடக்கு. உன்னைய மதுரைக்குத் தூக்கிட்டுப் போயிட்டாகன்னு ஊருல சொன்னாக. கூடைய அப்பிடியே வேப்ப மரத்தடியில போட்டுட்டு மதுரைக்குப் பஸ் ஏறுனேன். உள்ள விடமாட்டேன்னுட்டாக, சொந்தக்காரவுகதான் போகலாமாம். கண்ணாடி வழியாப் பாத்தேன். உன் மொகம் தெரியல. காலு மட்டுந்தான் தெரிஞ்சுச்சு. மிஞ்சியக் கழட்டிட்டாக, விரல்ல வெள்ளையாத் தழும்பு. ரெண்டு காலும் உப்பிக் கெடக்கு. அங்கனயே முட்டி போட்டேன். மாதாவே, இந்தக் காலு திரும்ப நடக்கட்டும், நான் உன் மலைக்குச் சிலுவை சுமந்து வாரேன்னேன்.”

“இத்தன வருசமா ஏங்க்கா சொல்லல?”

“உங்க சாமிக்குக் குத்தமாயிருமோன்னு நினைச்சேன். அண்ணன் கிடா வெட்டுனாரு, ஊரே கருப்பன்னு சொல்லுச்சு. நடுவுல நான் எதுக்கு? எனக்கு நீ பொழச்சதுதான வேணும்.”

வீரலட்சுமி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெள்ளைப் புகை இருவருக்கும் இடையில் புகுந்து போனது. தான் நினைவற்றுக் கிடந்த அந்த நாளில், தான் கேள்விப்பட்டே இராத ஒரு மலை உச்சியில் இருக்கிற, தான் அறியாத ஒரு தாயிடம் தன் கால்களுக்காக ஒருத்தி மன்றாடியிருக்கிறாள். அதற்குப் பிறகும் வாரா வாரம் வந்து கஞ்சி குடித்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் பஸ் ஏறிப் போயிருக்கிறாள்.

அவள் குனிந்து சிலுவையை வாங்கித் தோளில் வைத்தாள். மரத்தில் இன்னும் உப்பு வாசனை இருந்தது.

“அங்கன போயி என்னக்கா சொல்லணும்? எனக்கு உங்க செபம் தெரியாதே.”

“யாருன்னு சொல்லு. போதும்.”

மீதி மலையை அவள் தனியாக ஏறினாள். தனியாக என்று சொல்ல முடியாது. முன்னும் பின்னும் சனம். ஒரு கிழவர் ஆளுயரச் சிலுவையை இழுத்துக்கொண்டு போனார். ஒருத்தி முழங்காலாலேயே ஏறினாள், அவள் புருசன் ஒவ்வொரு படிக்கும் முன்னால் துண்டை விரித்துக்கொண்டே போனான். யாரும் யாரையும் என்ன சாதி, என்ன ஊர் என்று கேட்கவில்லை. வீரலட்சுமி தன் பாதங்களைப் பார்த்தபடி நடந்தாள். வெடித்த குதிகால், விரியன் பல் பதிந்த கருத்த வடு. இந்தக் கால்களா? இவற்றைக் கழுவித் துடைத்ததைத் தவிர அவள் என்றைக்கும் நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது அவை ஒன்றன்பின் ஒன்றாகக் கல்லில் பதிவதைப் பார்க்கப் பார்க்க, யாரோ கொடுத்து வைத்த பொருளைப் பார்ப்பது போல் இருந்தது.

உச்சி திடீரென்று வந்தது. ஒரு அடி புகைக்குள், அடுத்த அடி வெயிலில். அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தலைக்கு மேல் துடைத்து வைத்தது போல் நீல வானம். காலடிக்குக் கீழே, மலையின் விளிம்பிலிருந்து தொடங்கி உலகத்தின் கடைசி வரை, வெள்ளை வெளேரென்று மேகம். அலை அலையாக, மெதுவாக, சத்தமே இல்லாமல் அது அசைந்தது. சூரியன் அதன் மேல் விழுந்து கண் கூசியது. சிறிய கல் கோயில் ஒன்று அந்த வெளிச்சத்தின் ஓரத்தில் நின்றது. அதன் மணி அடித்தபோது, அத்தனை சனமும் பாட்டை நிறுத்தியது. மணியின் கார்வை மேகத்தின் மேல் வெகுதூரம் ஓடுவதை அவளால் கேட்க முடிந்தது. பக்கத்தில் நின்ற பெண் தேம்பினாள். வீரலட்சுமிக்கு அழுகை வரவில்லை. நெஞ்சு பெரிதாகி, அதற்குள் இடம் போதாமல் மூச்சுத் திணறியது.

கோயிலுக்குப் பின்னால் பாறையில் சனங்கள் கொண்டுவந்த சிலுவைகள் குவிந்து கிடந்தன. மழையில் கறுத்தவை, புதியவை, விரல் நீளம், வீட்டு உத்தரம் நீளம். வத்தைப் பலகைச் சிலுவையை அவற்றின் நடுவே சாய்த்து வைத்தாள். பிறகு கோயிலுக்குள் போய் மாதாவின் முன் நின்றாள். மடியில் செத்த மகனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அந்தத் தாய். நெஞ்சில் ஏழு வாள். வீரலட்சுமி சட்டையின் பொத்தானைச் சரிசெய்துகொண்டாள்.

“தாயே, நான் வீரலெச்சுமி. கருவக்குடி. பாம்பன் கித்தேரியக்கா அனுப்பிவிட்டாக. அவுகளால ஏற முடியல. அதான் நான் வந்துருக்கேன். நடந்து வந்தேன்.”

வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. வெளியே வந்தாள்.

கோயிலின் வடபுறம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பாறை இடுக்கிலிருந்து முழங்கை கனத்துக்குத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. குழாய் இல்லை, மோட்டார் இல்லை. குடங்களின் வரிசையும் இல்லை. சனம் ஒரு கை குடித்தது, தலையில் தெளித்துக்கொண்டது, நகர்ந்தது. மற்றதெல்லாம் சரிவில் ஓடியது. யாரும் அதை நிறுத்தவில்லை. அவள் கையை நீட்டினாள். தண்ணீர் கையை நிறைத்து, வழிந்து, மறுபடி நிறைத்தது. ஒரு சிரட்டைத் தண்ணீருக்குக் காத்திருந்த மத்தியானங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து அந்தக் கைமேல் விழுந்து ஓடின. பின்னால் நின்ற மலையாளத்துக்காரர் “சேச்சி” என்று மெல்லக் கூப்பிடும்வரை அவள் அங்கிருந்து அசையவில்லை. பிறகு பாட்டிலில் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

கித்தேரி அதே பாறையில் செபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். தண்ணீரை வாங்கிக் குடித்தாள், மீதியை முழங்காலில் தேய்த்தாள்.

“வச்சுட்டியா?”

“வச்சுட்டேன்.”

“என்ன கேட்ட?”

“ஒண்ணும் கேக்கலக்கா. வந்துருக்கேன்னு மட்டும் சொன்னேன்.”

கித்தேரி அவளைத் தன் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்து, தலையில் கை வைத்துச் சிலுவை போட்டாள். வீரலட்சுமி அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதற்கப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. சீனி முகம்மது கீழிருந்து ஏறி வந்து பார்த்துவிட்டு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். இருவருமாகக் கித்தேரியை இறக்கினார்கள்.

முழங்கால் சரியாகவில்லை. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். கித்தேரியால் இப்போது கூடை தூக்கிக்கொண்டு கருவக்குடிக்கு வர முடியவில்லை. அதனால் வீரலட்சுமி பஸ் ஏறிப் பாம்பனுக்குப் போகிறாள். முதல் தடவை போனபோது ராயப்பு வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தார். வயதெல்லாம் கடலில் கழித்தவர், மலைப்பக்கமே போகாதவர். கோயிலைப் பற்றியும் கூட்டத்தைப் பற்றியும் கித்தேரியிடம் கேட்டுத் தெரிந்திருந்தார். உச்சியைப் பற்றித்தான் அவளுக்கே தெரியாதே.

“மேல இருந்து பாத்தா நம்ம கடலு தெரிஞ்சுதா தாயி?” என்று கேட்டார்.

வீரலட்சுமி யோசித்தாள். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு கையையும் அகல விரித்தாள், அது போதவில்லை என்று இறக்கினாள்.

“கடலு தெரியலண்ணே. ஆனா கெழக்குப் பக்கம் முச்சூடும் வெளிச்சமா இருந்துச்சு” என்றாள்.

ராயப்பு வலையைக் கீழே வைத்துவிட்டு, “உக்காரு தாயி, மொதல்லருந்து சொல்லு” என்றார்.